கழுத்தில் இருக்க வேண்டியது நெஞ்சில் இருந்தது

என் அம்மாவின் இடது அக்குளுக்குக் கீழே, விலா எலும்புகளின் இடைவெளிகளில், மூன்று சிறிய தழும்புகள் இருக்கின்றன. மூன்றின் நீளத்தையும் கூட்டினாலும் என் சுண்டுவிரல் அளவு வராது. அவருடைய எலும்புகளைப் பல ஆண்டுகளாக அரித்துக்கொண்டிருந்த, பாராதைராய்டு என்ற கழுத்துச் சுரப்பியின் கட்டி ஒன்று அந்தத் துளைகளில் ஒன்றின் வழியாகத்தான் வெளியே வந்தது. அதற்கு ஒன்பது மாதங்களுக்கு முன், அதே கட்டியைத் தேடிக் கழுத்தில் குறுக்காக வெட்டிய தழும்பும் இருக்கிறது. அது நீளமானது, ஆனால் அங்கே கட்டி இல்லை. இந்த இரண்டு தழும்புகளுக்கும் இடையில் நடந்ததை அம்மாவின் சம்மதத்துடன் எழுதுகிறேன். கழுத்து அறுவை பயனளிக்காமல் வீட்டுக்குத் திரும்பி, இனி என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் வேறொரு குடும்பத்தின் கண்ணில் இது பட வேண்டும் என்பதே என் விருப்பம்.

நாங்கள் பழனி மலையில், கொடைக்கானலுக்கு மேற்கே உள்ள பூம்பாறையைச் சேர்ந்தவர்கள். படிப்படியாக இறங்கும் வயல்களில் மலைப்பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் விளைவிக்கும் ஊர். நான் கொடைக்கானலில் ஒரு பள்ளியில் உயிரியல் கற்பிக்கிறேன். அம்மாவுக்கு இப்போது 59 வயது. பதினைந்து வயதிலிருந்து குனிந்து பூண்டு நட்டவர். அறுவடைக்குப் பிறகு பூண்டைக் கட்டுக்கட்டாகக் கட்டி, அடுப்புப் புகை படும்படி பரணில் தொங்கவிட்டுப் பாதுகாத்தவர். அந்தப் புகை இந்தக் கதையில் பின்னால் மறுபடியும் வரும்.

2013ஆம் ஆண்டில் அவருக்கு முதல் சிறுநீரகக் கல் வந்தது. 2016இல் இரண்டாவது கல், இரு பக்கமும். 2018இல், வயல் படியில் கால் வழுக்கிக் கையை ஊன்றியதற்கே மணிக்கட்டு முறிந்தது. இவற்றுக்கு இடையில் முதுகுவலி, கால்வலி, மலச்சிக்கல், எதிலும் பற்றில்லாத ஒரு சோர்வு, தீராத தாகம். மார்கழியில் உறைபனி விழும் இரவுகளிலும் நான்கைந்து முறை எழுந்து சிறுநீர் கழிக்க வெளியே போய்வருவார். சர்க்கரை நோயோ என்று பலமுறை சோதித்தோம், சர்க்கரை இல்லை. கல்லுக்கு ஒரு மருத்துவர், எலும்புக்கு ஒரு மருத்துவர், வயிற்றுக்கு ஒரு மருத்துவர் என்று தனித்தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். கல் வருகிறது என்பதால் பாலையும் கேழ்வரகையும் நிறுத்தச் சொல்லி ஊரில் எல்லோரும் அறிவுரை கூற, அம்மா இரண்டையும் விட்டுவிட்டார். உண்ணும் உணவில் சுண்ணாம்புச் சத்தைக் குறைத்தால், அதை ஈடுசெய்ய எலும்பிலிருந்து இன்னும் அதிகமாக உருவப்படும் என்று அப்போது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

2016ஆம் ஆண்டின் இரத்தப் பரிசோதனைத் தாள் ஒன்று அம்மாவின் மஞ்சள் பையில் பத்திரமாக இருந்தது. அதில் கால்சியம் 11.2 என்றும், பக்கத்தில் அளவு மிகுதி என்பதைக் காட்டும் ஒரு சிறு குறியும் அச்சாகியிருந்தன. இயல்பான அளவு, ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 8.5 முதல் 10.5 மில்லிகிராம். அந்தத் தாளை நானும் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களுக்கு நாளமில்லாச் சுரப்பிகளைப் பற்றிப் பாடம் நடத்துகிற நான், அந்தக் குறியைப் பார்த்தும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அது இன்றும் என்னை வருத்துகிறது. திரும்பத் திரும்பக் கல் வரும் ஒருவருக்கு இரத்தக் கால்சியம் பார்ப்பது பெரிய செலவில்லாத சோதனை. அது மிகுந்திருந்தால் உடனே பாராதார்மோன், அதாவது மருத்துவமனைகளில் பி.டி.எச். என்று சொல்லப்படும் சோதனையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் படித்தால்தான் பொருள் விளங்கும்.

பாராதைராய்டு சுரப்பிகள் தைராய்டின் பின்புறம் ஒட்டிக்கொண்டிருக்கும், பொதுவாக நான்கு. ஒவ்வொன்றும் ஒரு துவரம்பருப்பு அளவு. எடை 30 முதல் 50 மில்லிகிராம்தான். இவ்வளவு சிறியதாக இருப்பதால்தான் மருத்துவ உலகம் இவற்றை மிகத் தாமதமாகக் கண்டது. இலண்டன் உயிரியல் பூங்காவில் 1849இல் இறந்துபோன ஓர் இந்தியக் காண்டாமிருகத்தை அறுத்து ஆராய்ந்தபோது ரிச்சர்ட் ஓவன் என்பவர் இந்தச் சுரப்பியை முதலில் கண்டு குறித்தார். மனித உடலில் இதை விரிவாக விவரித்தவர் சுவீடனின் உப்சாலாவில் இருந்த ஈவார் சாண்ட்ஸ்ட்ரோம். அது 1880ஆம் ஆண்டு. இந்தச் சுரப்பிகளின் வேலை ஒன்றே ஒன்று: இரத்தத்தில் கால்சியத்தின் அளவு குறையும்போது பாராதார்மோன் என்ற ஹார்மோனைச் சுரந்து அதை மேலே கொண்டுவருவது, போதுமான அளவு வந்ததும் சுரப்பதை நிறுத்திக்கொள்வது. நான்கில் ஒன்றில் அடினோமா எனப்படும் கட்டி உண்டானால், அந்தச் சுரப்பி நிறுத்திக்கொள்ளும் கட்டுப்பாட்டை இழந்துவிடுகிறது. கால்சியம் எவ்வளவு ஏறினாலும் அது ஹார்மோனைச் சுரந்துகொண்டே இருக்கும், எலும்பு கரையும், கரைந்தது சிறுநீரகத்தில் கல்லாகப் படியும். இத்தகைய கட்டிகளில் புற்றுநோய் மிக அரிது, நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. ஆனால் கட்டி புற்று இல்லை என்பதற்காக அது செய்யும் கேடு சிறியதாகிவிடாது.

2021இன் இறுதியில், மதுரையில் ஒரு நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் அம்மாவின் பழைய தாள்களையெல்லாம் மேசைமேல் தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தார். முதலில் அவர் செய்தது, அம்மா இரத்த அழுத்தத்துக்குச் சாப்பிட்டுவந்த மாத்திரையை மாற்றியதுதான். சிறுநீரை அதிகப்படுத்தும் தயசைடு வகை மருந்துகளே கால்சியத்தைச் சற்று உயர்த்தக்கூடும் என்பதால், அதை நிறுத்திச் சில வாரங்கள் கழித்து மறுபடி சோதிக்கச் சொன்னார். மறு சோதனையில் கால்சியம் 11.9, பி.டி.எச். 412. பி.டி.எச். இயல்பாக 65க்குள் இருக்க வேண்டும். வைட்டமின் டி மிகக் குறைவாக, 11 மட்டுமே இருந்தது. வயலில் வேலை செய்பவருக்கா இப்படி என்று நான் வியந்தேன். மேகம் மூடிய ஊரில், முழுக்கைச் சட்டையும் கம்பளியும் தலைமுண்டுமாக இருக்கும் உடம்பில் எவ்வளவு வெயில்தான் படும்? வைட்டமின் டி குறைவாக இருந்தால் கால்சியம் உண்மையில் ஏற வேண்டிய உயரத்துக்கு ஏறாமல் சற்றே மறைந்து நிற்கும் என்பதையும் அவர் விளக்கினார். ஹைப்பர்பாராதைராய்டிசம் என்ற நோயின் பெயர் எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. முதல் கல்லிலிருந்து எட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன.

2022 பிப்ரவரியில் முதல் அறுவை நடந்தது. எந்த மருத்துவமனை என்பதைச் சொல்லத் தேவையில்லை. அங்கே அறுவை செய்தவர் திறமையானவர் என்றே இன்றும் நம்புகிறேன். கழுத்தின் அல்ட்ராசவுண்டில் எதுவும் தெரியவில்லை. டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த செஸ்டமிபி மருந்தை நரம்பில் ஏற்றி எடுக்கும் ஸ்கேனிலும் தெளிவாக எதுவும் தெரியவில்லை. இருந்தும் நோய் உறுதி என்பதால், கழுத்தைத் திறந்து நான்கு சுரப்பிகளையும் நேரில் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். அது தவறான முடிவு என்று சொல்ல முடியாது. பல ஆண்டுகளாக அதுவே வழக்கம். மூன்றரை மணி நேரம் தேடினார்கள். மூன்று சுரப்பிகள் கிடைத்தன, மூன்றும் இயல்பானவை. இடப்பக்கத்துக் கீழ்ச் சுரப்பி மட்டும் இல்லை. தைராய்டுக்குப் பின்னும், உணவுக்குழாயை ஒட்டியும், கழுத்துக்குழி வழியாக எட்டிய வரையிலும் தேடிவிட்டுக் கழுத்தை மூடினார்கள். மறுநாள் கால்சியம் 11.8.

என் வருத்தமெல்லாம் அந்த ஸ்கேனைப் பற்றியது. பின்னர் நான் அந்தப் படத்தை வாங்கிப் பார்த்தபோது, அது தாடையில் தொடங்கிக் கழுத்தெலும்போடு முடிந்திருந்தது. மார்பு அந்தப் படத்துக்குள் வரவேயில்லை. அறிக்கையில் ‘கட்டி காணப்படவில்லை’ என்று எழுதியிருந்தார்களே தவிர, எந்த எல்லைக்குள் காணப்படவில்லை என்பதை எழுதவில்லை. பார்க்காத இடத்தையும் சேர்த்து இல்லை என்று சொன்னதுபோல அந்த ஒரு வரி நின்றது.

வீட்டுக்கு வந்த பிறகு அம்மா ஒரு மாலை என்னிடம் கேட்டார்: “ஏம் பாப்பா, மூணு இருக்குற எடத்துல இருக்கு, நாலாவது மட்டும் எங்க போயிருக்கும்?”

நான் பல ஆண்டுகளாகக் கரும்பலகையில் வரைந்த படமே அவருக்கான விடை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கரு வளரும் ஐந்தாறு வாரங்களில், தொண்டைப் பகுதியின் இருபுறமும் சிறு சிறு பைகள் உருவாகின்றன. மீன்களில் செவுள்கள் எழும் அதே பகுதி. நான்காவது பையிலிருந்து மேல் பாராதைராய்டு உருவாகிறது. அது அதிக தூரம் நகர்வதில்லை. மூன்றாவது பையிலிருந்து கீழ்ப் பாராதைராய்டும் தைமஸ் சுரப்பியும் ஒன்றாகப் பிறக்கின்றன. தைமஸ் மார்புக்குள் இறங்க வேண்டிய சுரப்பி. அது இறங்கும்போது கீழ்ப் பாராதைராய்டும் உடன் இறங்கி, தைராய்டின் கீழ்நுனி அருகே பிரிந்து நின்றுவிட வேண்டும். சிலருக்கு அது பிரிவதில்லை. தைமஸோடு ஒட்டியபடியே மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்தின் மேல்பகுதி வரை போய்விடுகிறது. திருவிழாக் கூட்டத்தில் தாயின் முந்தானையைப் பிடித்தபடியே அடுத்த தெருவுக்குப் போய்விட்ட பிள்ளையைப் போல, என்று அம்மாவிடம் சொன்னேன். குழந்தை வேலப்பர் தேரோட்டத்தில் என் தம்பி அப்படித் தொலைந்து கிடைத்ததை நினைத்து அவர் சிரித்தார். அறுவைக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றுதான்.

அந்த நாட்களில் நான் படித்தவற்றுள் சார்லஸ் மார்ட்டெல் என்ற அமெரிக்கக் கப்பல் தலைவரின் வரலாறு என் மனத்தைவிட்டு அகலவில்லை. பாராதைராய்டு கட்டியை முதன்முதலில் அறுத்தெடுத்து நோயைத் தணிக்கலாம் என்று 1925இல் வியன்னாவின் பெலிக்ஸ் மாண்டல் காட்டிய மறு ஆண்டே, மார்ட்டெலுக்கும் இந்த நோய் கண்டறியப்பட்டது. எலும்புகள் நொறுங்கிக் குறுகி, அவருடைய உயரம் ஏழு அங்குலம் குறைந்திருந்தது. ஆறு அறுவைகள் பயனின்றிப் போயின. 1932இல் பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் எட்வர்டு சர்ச்சிலும் ஆலிவர் கோப்பும் ஏழாவது முறையாக அறுவை செய்தபோது, கட்டி மார்புக்குள் இருந்ததைக் கண்டார்கள். அவர் நலமடைந்து கப்பலுக்குத் திரும்பினார் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் சில வாரங்களுக்குள்ளேயே சிறுநீர்ப்பாதையில் சிக்கிய கல்லின் தொல்லையால் இறந்துபோனார். ஆறு முறை தேடாமல் விட்ட இடம் ஏழாவது முறை தேடப்பட்டபோது அவருடைய சிறுநீரகங்கள் காத்திருக்கவில்லை. படித்துவிட்டு சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவை அம்மாவின் தாளில் எடுத்துப் பார்த்தேன், 1.1 இருந்தது. இன்னும் காலம் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கோயம்புத்தூரில் நாங்கள் பார்த்த இரண்டாவது குழு, படத்தை மீண்டும் எடுக்காமல் அறுவையைப் பற்றிப் பேச மறுத்துவிட்டது. ஒரு முறை திறந்த உடலை மறுபடி திறப்பதற்கு முன், இரண்டு வெவ்வேறு முறைகளில் எடுத்த படங்கள் ஒரே இடத்தைக் காட்ட வேண்டும் என்பது அவர்களுடைய விதி. டெக்னீசியத்தின் அரை ஆயுள் ஆறு மணி நேரம்தான் என்பதால் மருந்தை வைத்துக்கொண்டு காத்திருக்க முடியாது. குறித்த நேரத்துக்கு வந்தாக வேண்டும். முதல் நாளே மலையிறங்கி, உறவினர் வீட்டில் தங்கி, காலையில் போய்ச் சேர்ந்தோம். ஊசி போட்டவுடன் ஒரு படமும், இரண்டு மணி நேரம் கழித்து ஒரு படமும் எடுத்தார்கள். தைராய்டு அந்த மருந்தை விரைவில் வெளியேற்றிவிடும்; கட்டியின் செல்களில் மைட்டோகாண்ட்ரியா மிகுதியாக இருப்பதால் அது மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் பிந்தைய படத்தில் கட்டி மட்டும் ஒளிரும். இம்முறை தாடை முதல் இதயத்தின் கீழ்ப்பகுதி வரை, சி.டி. படத்தோடு இணைத்து எடுத்தார்கள். மார்பெலும்புக்குப் பின்னால், பெருந்தமனி வளைவதற்குச் சற்றுக் கீழே, இடப்பக்கமாக, ஒரே ஒரு புள்ளி ஒளிர்ந்தது. அடுத்த வாரம் மருந்து ஏற்றி எடுத்த சி.டி.யும் அதே இடத்தில் 2.2 சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு கட்டியைக் காட்டியது. அது தைமஸின் கொழுப்புக்குள் புதைந்திருந்தது.

மார்புக்குள் இறங்கிய கட்டிகளில் பெரும்பாலானவை மேல்பகுதியிலேயே நின்றிருக்கும். கழுத்து வழியாகவே தைமஸை மெல்ல மேலே இழுத்து அவற்றை எடுத்துவிடலாம். மார்பைத் திறந்தோ துளைத்தோ எடுக்க வேண்டியவை நூற்றில் ஓரிரண்டு நோயாளிகளுக்குத்தான். முன்காலத்தில் அதற்கு ஒரே வழி, மார்பெலும்பை மேலிருந்து கீழாக இரம்பத்தால் பிளந்து திறப்பது. இதய அறுவைக்குச் செய்வதுபோலப் பிளந்து, பின் கம்பியால் கட்டி மூட வேண்டும். எலும்பு கூட ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும். இதில் எங்களுக்கு ஒரு தனிக் கவலை இருந்தது. அம்மாவின் எலும்புகள் ஏற்கெனவே கரைந்து மெலிந்தவை. அப்படிப்பட்ட ஓர் எலும்பைப் பிளந்தால் அது சரியாகக் கூடுமா? 1990களில் காணொளிக் கருவியின் துணையோடு விலா இடைவெளி வழியாக மார்புக்குள் சென்று அறுவை செய்யும் முறை பரவியது. மார்பிலுள்ள பாராதைராய்டு கட்டியை அந்த வழியில் எடுத்த அனுபவம் 1994இல் மருத்துவ இதழில் வெளியானது. மருத்துவமனைகளில் இதை வாட்ஸ் என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். இந்த முறையில் எந்த எலும்பையும் வெட்ட வேண்டியதில்லை. அம்மாவைப் பொறுத்தவரை இதைவிடப் பெரிய நன்மை வேறில்லை.

ஆனால் இந்த முறைக்கு ஒரு விலை உண்டு. அறுவை நடக்கும் பக்கத்து நுரையீரலைக் காற்றில்லாமல் சுருக்கி வைத்துவிட்டு, மற்ற ஒரு நுரையீரலால் மட்டும் நோயாளி சுவாசிக்க வேண்டும். இதற்காக இரண்டு குழல்கள் இணைந்த சுவாசக்குழாயைப் பொருத்துகிறார்கள். நாற்பது ஆண்டு அடுப்புப் புகை உள்ளே போன நுரையீரல் அதைத் தாங்குமா என்பதே மயக்க மருத்துவரின் முதல் கேள்வி. “வீட்டுல என்ன அடுப்பும்மா?” என்று அந்தப் பெண் மருத்துவர் கேட்டது எனக்கு மிகவும் பிடித்திருந்தது, அதுவரை யாரும் கேட்காத கேள்வி. ஊதிக் காட்டும் சோதனையில் அம்மாவின் அளவு எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தது. மூன்று வாரங்கள் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை உறிஞ்சச் சொல்லி, மூன்று பந்துகள் எழும்பும் கருவியைக் கொடுத்துப் பயிற்சி செய்யச் சொன்னார்கள். மூன்றாவது பந்து எழும்பிய நாளை அம்மா நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறார். அந்த இடைவெளியில் வைட்டமின் டி குறைவையும் மெதுவாகச் சரிசெய்தார்கள். புகையடுப்பை அன்றோடு நிறுத்தி, பூண்டுப் பரணைத் தனிக் கொட்டகைக்கு மாற்றினோம்.

ஒப்புதல் படிவத்தில், தேவைப்பட்டால் மார்பெலும்பைத் திறக்க நேரிடும் என்ற வரியும் இருந்தது. பெரிய இரத்தக் குழாய் ஒன்றில் காயம் பட்டால் துளை வழியே அதைச் சமாளிக்க முடியாது என்று அறுவை மருத்துவர் ஒளிக்காமல் சொன்னார். அம்மா கையெழுத்திட்டார்.

2022 நவம்பரில் அறுவை நடந்தது. மறுநாள் மருத்துவர் அதன் காணொளியை எனக்குக் காட்டினார். அம்மாவைச் சற்று வலப்புறம் சாய்த்துப் படுக்கவைத்து, இடப்பக்கம் மூன்று துளைகள் இட்டிருந்தார்கள். பெரியது ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். கரியமில வாயுவை மெல்லிய அழுத்தத்தில் செலுத்தியதும், சுருங்கிய நுரையீரல் பின்னால் ஒதுங்கி நடுமார்பு தெரிந்தது. சவ்வுக்குள் இதயம் துடித்துக்கொண்டிருந்தது. அதன் மேல் ஒரு வெள்ளை நூல்போலப் பிரினிக் நரம்பு ஓடியது. உதரவிதானத்தை இயக்கும் நரம்பு அது. அதில் சூடு பட்டால்கூட அந்தப் பக்கத்து மூச்சு பாதிக்கப்படும். இன்னும் சற்றுப் பின்னால், பெருந்தமனி வளைவுக்குக் கீழே சுற்றிக்கொண்டு மேலே குரல்வளைக்குத் திரும்பும் நரம்பு இருக்கிறது. அது காயப்பட்டால் குரல் கெட்டுவிடும். இந்த இரண்டையும் விலக்கி, பிரினிக் நரம்புக்கு முன்புறமாகச் சவ்வைத் திறந்து, மஞ்சள் நிறக் கொழுப்பை அடுக்கடுக்காகப் பிரித்துக்கொண்டே போனார்கள். சற்று நேரத்தில் அந்த மஞ்சளுக்குள் செம்பழுப்பு நிறத்தில் ஓர் உருண்டை தெரிந்தது. மருத்துவர் காணொளியை அங்கே நிறுத்தினார். நான் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த உருண்டையைக் கருவியால் நேராகப் பிடிக்கக் கூடாது. அதன் மேலுறை கிழிந்து செல்கள் சிதறினால், சிதறிய இடமெல்லாம் முளைத்து நோய் மீண்டும் வரக்கூடும். அதனால் சுற்றியுள்ள கொழுப்பையே கைப்பிடியாகக் கொண்டு தூக்கி, அதற்கு இரத்தம் கொடுத்த சிறு குழாயைக் கிளிப் போட்டுத் துண்டித்து, ஒரு சிறு பைக்குள் போட்டு வெளியே எடுத்தார்கள். எடை 1.8 கிராம். துவரம்பருப்பாக இருக்க வேண்டியது ஒரு பெரிய புளியங்கொட்டை அளவுக்கு வளர்ந்திருந்தது.

எடுத்தது சரியான பொருள்தானா என்பதை அறுவை மேசையிலேயே அறிய ஒரு வழி இருக்கிறது என்பதை இந்த இரண்டாவது முறையில்தான் தெரிந்துகொண்டேன். பாராதார்மோன் இரத்தத்தில் சில நிமிடங்களே உயிரோடு இருக்கும். ஏறத்தாழ நான்கு நிமிடத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறையும். ஆகவே கட்டியை எடுத்துப் பத்து நிமிடம் கழித்து இரத்தம் எடுத்தால், அளவு பாதிக்கும் கீழே இறங்கியிருக்க வேண்டும். அம்மாவுக்கு அறுவைக்கு முன் 436. பத்தாவது நிமிடத்தில் 88. இருபதாவது நிமிடத்தில் 41. வெளியே காத்திருந்த எங்களிடம் ஒரு செவிலியர் வந்து அந்த எண்ணைச் சொன்னார். முதல் அறுவை நடந்த இடத்தில் இந்த விரைவுச் சோதனைக்கு வசதி இல்லை.

இரண்டாம் நாள் மார்புக் குழாயை எடுத்தார்கள். வலி இருந்தது, துளை சிறியது என்பதால் வலியே இராது என்று யாரும் எண்ண வேண்டாம், விலா நரம்புகள் அழுத்தப்படுவதால் சில வாரங்கள் ஒரு பக்கம் மரத்தும் எரிந்தும் இருந்தது. ஆனால் இரண்டாம் நாளே எழுந்து நடந்தார். எங்களை உண்மையில் பயமுறுத்தியது மூன்றாம் நாள்தான். உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல இருக்கிறது என்றார். விரல்கள் மடங்கி இறுகின. கால்சியம் 7.4க்கு இறங்கியிருந்தது. பல ஆண்டுகளாகச் சுண்ணாம்பை இழந்துகொண்டே இருந்த எலும்புகள், கட்டி போனதும், கிடைப்பதையெல்லாம் வாரி எடுத்துக்கொள்கின்றன. மருத்துவர்கள் இதை எலும்பின் பசி என்றே சொல்கிறார்கள். இதயத் துடிப்பைக் கருவியில் பார்த்தபடியே கால்சியம் குளுக்கோனேட்டை மெதுவாக நரம்பில் ஏற்றினார்கள்; பிறகு கால்சியம் மாத்திரையும் செயல்நிலை வைட்டமின் டியும் தொடர்ந்தன. எலும்பு மிகவும் பாதிக்கப்பட்ட பிறகு அறுவைக்கு வருபவர்கள் நம் நாட்டில் அதிகம் என்பதால், இந்த மூன்றாம் நாளைப் பற்றி முன்கூட்டியே குடும்பத்தாருக்குச் சொல்லிவைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்; அதனால்தான் உதட்டில் எறும்பு என்றதும் நான் செவிலியரை அழைக்க ஓடினேன்.

மலையில் வாழ்பவர்களுக்காக இன்னொன்றையும் எழுத வேண்டும். ஆறாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றபோது, மருத்துவர் எங்கள் ஊரின் உயரத்தைக் கேட்டார். கொடைக்கானல் 7,000 அடி, அதைத் தாண்டித்தான் போக வேண்டும் என்றேன். அங்கே காற்றழுத்தம் சமவெளியைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மார்புக்குள் நுரையீரலுக்கு வெளியே சிறிது காற்று தங்கியிருந்தால்கூட, மேலே ஏற ஏற அது கால் பங்கு அளவுக்குக் கூடுதலாக விரிந்து நுரையீரலை அழுத்தும். அதனால் மலையேற அனுமதிக்காமல், வத்தலக்குண்டில் என் சித்தி வீட்டில் பத்து நாள் இருக்கச் சொன்னார். பதினோராம் நாள் எடுத்த எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுதும் விரிந்திருப்பதைப் பார்த்த பிறகே மேலே போக விட்டார். மார்பு அறுவை செய்துகொள்ளும் மலைவாசிகள், மருத்துவர் கேட்காவிட்டாலும் தங்கள் ஊரின் உயரத்தைத் தாங்களே சொல்லிவிட வேண்டும்.

செலவின் பெரும்பகுதி நகைக்கடன், இன்னும் அடைபடவில்லை. முதல் அறுவைக்கு ஆன செலவும் அதில் சேர்ந்திருப்பதை நினைக்கும்போது மட்டும் மனம் கசக்கிறது. ஒரு ஸ்கேன் கழுத்தெலும்பைத் தாண்டி ஒரு சாண் கீழே இறங்கியிருந்தால் அது தேவைப்பட்டிருக்காது.

இந்த நோயில், அறுவைக்குப் பின் ஆறு மாதம் கழித்தும் கால்சியம் இயல்பாக இருந்தால்தான் குணமானதாகக் கொள்வார்கள். 2023 மே மாதத்தில் கொடைக்கானலில் இரத்தம் கொடுத்தோம். கால்சியம் 9.3, பி.டி.எச். 48. அந்தத் தாளை அம்மா 2016ஆம் ஆண்டுத் தாளின் மேல் வைத்து, அதே மஞ்சள் பையில் மடித்து வைத்தார். இரவில் ஒரு முறைதான் எழுந்திருக்கிறார். பாலும் கேழ்வரகுக் கூழும் திரும்ப வந்துவிட்டன. அடுத்த எலும்பு அடர்த்திச் சோதனை வரும் தை மாதம்.